வைஃபை பெட்டியின் முதுகில் உன் கையெழுத்து

போன வாரம் தேர்வுப் பிரிவு அறையில் ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்த பழைய வைஃபை பெட்டியைக் கழற்றினேன். தூசியை ஊதிவிட்டு முதுகைத் திருப்பினால் உன் கையெழுத்து. கறுப்பு மார்க்கரில் அறை எண், தேதி, அதற்குக் கீழே ஒரு வரி: "ஆளுக்குத் தனி லாகின் கேட்டேன், தாளாளர் மறுத்துவிட்டார்." ஏதோ அரசாங்கக் கோப்பு மாதிரி கையொப்பம் வேறு. ஏணியில் நின்றுகொண்டே சிரித்துவிட்டேன். இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். உனக்கு நெட்வொர்க், எனக்குக் கணினி ஆய்வகம். ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரத்தில் பஸ் மாறி வந்து, பையை வைக்கும் முன்பே என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாய். புதுப் பெட்டிகள் வந்த அன்று செட்டிங் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினாய். 'பெர்சனல்' என்று வைத்தால் கல்லூரி முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. 'என்டர்பிரைஸ்' என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. யார் எப்போது உள்ளே வந்தார் என்பதை சர்வர் குறித்துக்கொள்ளும். "எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்டுன்னா, தப்பு யாரு பண்ணாலும் என் தலையிலதான் புள்ள வந்து நிக்கும்" என்றாய்.

தாளாளரிடம் மூன்று முறை போனாய். மூன்றாம் முறை நானும் கூட வந்தேன். "நாமெல்லாம் ஒரே குடும்பமாட்ட இருக்கறோம். ஆளுக்கொரு பூட்டு எதுக்கு சாமி?" என்று சிரித்தார். சேந்தமங்கலம் ரோட்டில் அவருக்குக் கோழிப்பண்ணை இருப்பது ஊருக்கே தெரியும். நீ விடவில்லை. "உங்க பண்ணைக்குள்ளார நீங்க போனாலுமே மருந்துத் தண்ணில கால நனைச்சுட்டுத்தானுங்கய்யா போறீங்க. கோழிக்கு இருக்கற காவல் வினாத்தாளுக்கு வேண்டாமுங்களா?" அவர் முகம் சுருங்கியது. அன்றே கல்லூரியின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் சேர்ந்து பாஸ்வேர்டு ஆனது. ஒரே வாரத்தில் பஸ் டிரைவர்கள், கேன்டீன்காரர், போன வருடம் படித்து முடித்தவர்கள் என்று எல்லோருக்கும் அது மனப்பாடம்.

நான்கு மாதம் கழித்து செமஸ்டர் வினாத்தாள் வெளியே போனது. தேர்வுப் பிரிவின் கணினியிலிருந்து, நம் வைஃபை வழியாகத்தான் போயிருக்கிறது. எடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்த வழியைத்தான் நீ மூன்று முறை கேட்டிருந்தாய். விசாரணையில் என்னையும் உட்கார வைத்து, இந்தப் பெண் முன்கூட்டியே ஏதாவது எச்சரித்தாளா என்று கேட்டார்கள். தாளாளர் எதிரில் இருந்தார். எனக்கு வேலை வேண்டும். "தெரியாதுங்க" என்றேன்.

பழி முழுவதும் உன் மேல் விழுந்தது. நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனாய். ஒன்றரை வருடத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் இழவு வீட்டு வாசலிலேயே ஒருத்தி, "வினாத்தாள் வித்த புள்ளதானே?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இப்போது உன் நாற்காலியில் இருப்பது நான். புதுப் பெட்டிகள் வந்ததும் தாளாளர் கூப்பிட்டு, பழைய பாஸ்வேர்டையே போட்டுவிடச் சொன்னார். நான் ஏணியில் ஏறிக் கழற்றிய உன் பெட்டியை அவர் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். படித்தார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு அவ கேட்டாளுங்கய்யா. நான் கேக்கலீங்க, சொல்றேன். ஆளுக்குத் தனி லாகின்தான் போடுவேன். ஒரே பாஸ்வேர்டு வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கே டைப் பண்ண வேண்டும் என்று மட்டும் கேட்டார். முதல் லாகின் அவருடையது. அவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்பதுதானே உன் ஏற்பாடு.

பழைய பெட்டிகளில் மற்றதெல்லாம் கழிவுக்குப் போய்விட்டது. உன் பெட்டி மட்டும் என் மேசைமேல், முதுகு தெரிய இருக்கிறது. லாகின் வாங்க வருகிற ஒவ்வொருவரும், வாத்தியார் முதல் பஸ் டிரைவர் வரை, இது யார் எழுதியது என்று கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்கிறேன். நீ கேட்டதையும், உனக்குக் கிடைத்ததையும் சொல்கிறேன். கடைசியில், அன்றைக்குத் தெரியாதுங்க என்று சொன்னவள் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் லாகின் கொடுக்கிறேன்.