கல்லறையில் ஒரு கேண்டாங்கரஸ்

பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே குரலை வைத்துக்கொண்டு வாழ்ந்த என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. "செத்தவன்ட்ட கேக்கிற கேள்வியாளா இது?" என்று தொடங்கிவிடுவீர்கள். அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். உங்கள் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. உங்களுக்குப் பிடித்த அந்த இங்கிலீஷ் வார்த்தையும் அதில் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையை நான்தான் சொல்ல வேண்டும். அம்மா பாதியிலேயே சிரித்துவிடுகிறாள்.

அந்த வார்த்தை நம் வீட்டுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? டிகிரி முடித்துவிட்டு வேலைத் தேர்வுக்காக இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டிவியில் வானிலை சொல்கிறவரோடு சண்டையில் இருந்தீர்கள். அவர் காற்று என்றார், நீங்கள் இல்லை என்றீர்கள். விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"என்னளா முணுமுணுக்க?"

"கேண்டாங்கரஸ்ப்பா. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிற ஆளுன்னு அர்த்தம்."

அடுப்படியிலிருந்து அம்மா, "அதுக்குப் புஸ்தகம் எதுக்குளா? தலயத் தூக்கி எதுத்தாப்புல பாரு" என்றாள்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் முகமோ மலர்ந்துவிட்டது. "இதுக்குன்னு தனியா ஒரு வார்த்த வச்சிருக்கானா வெள்ளக்காரன்? அப்ப அவன் ஊர்லயும் என்னய மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான்!" தூரத்துச் சொந்தக்காரரின் விலாசம் கிடைத்தது போல அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே வார்த்தை உங்களோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனது. படகில் வயர்லெஸ்ஸை எடுத்து, "கேண்டாங்கரஸ் பேசுதேன், எதுத்தாப்புல யாருலே?" என்று கேட்டீர்களாம். ஒரு மாதத்தில் ஊரே உங்களை அப்படிக் கூப்பிட்டது. நம் புன்னைக்காயலில் தடுக்கி விழுந்தால் ஒரு அந்தோணி மேல்தான் விழ வேண்டும். பட்டப்பெயர் இல்லாத அந்தோணியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அது எவ்வளவு உண்மை என்பது போன கல்லறைத் திருநாளில் தெரிந்தது. அப்போது உங்களுக்கு ஒரு மரச்சிலுவைதான், அதில் அந்தோணி என்ற பெயர் மட்டும். தூத்துக்குடியிலிருந்து வந்த சூசை மாமா, எங்களுக்கு முன்னாலேயே மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாங்கள் போனபோது ஒரு சிலுவையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மச்சான், போயிட்டீரே! இனி யாரு மச்சான் எங்கூட சண்ட போடுவா? என் கல்யாணப் பந்தியிலகூட சண்ட போட்டீரே!"

பக்கத்தில் ஒரு பெண் திகைத்து நின்றாள். "அண்ணாச்சி, நீங்க யாரு? எங்கப்பா அந்தோணி யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்த பேசுனதில்லயே. செத்தப்புறம் ஏன் இப்படிக் கெட்ட பேரு வாங்கித் தாரீய?"

மெழுகுவர்த்தியை மட்டும் அணையாமல் பொத்தி எடுத்துக்கொண்டு மாமா உங்களிடம் வந்தார். மாலையைக் கழற்றக் கூச்சப்பட்டு அங்கேயே விட்டுவிட்டார். போன வருடம் உங்களுக்கு மாலை இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் மேல் கோபமிருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கல் வைக்கும் பேச்சு வந்தது. பங்குச்சாமி வீட்டுக்கு வந்திருந்தார். கல்லில் என்ன எழுதினாலும் அவர் சம்மதிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு நல்ல வார்த்தை போடலாம் என்று அண்ணன் சொன்னான்.

"'அஃபெக்‌ஷனேட்'னு போடுவோம்."

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"பாசமானவருன்னு அர்த்தம்மா."

அம்மா உண்மையாகவே யோசித்துவிட்டு, "எப்பலே?" என்று கேட்டாள்.

மாமா 'அமைதியானவர்' என்று ஒன்றைச் சொன்னார். சாமி இருமினார். பேதுரு வலப்பக்கம் வலை வீசினார் என்று அவர் பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமை, "அன்னிக்கு காத்து எங்கேருந்து அடிச்சிது சாமி?" என்று பூசை முடிந்ததும் அவரை வாசலில் மறித்தீர்களே, அவர் அதை மறக்கவில்லை.

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் அழுகிய தக்காளி தந்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். அன்றும் பேசாமல் இருந்தால் நீங்கள் காலமெல்லாம் வேறொரு அந்தோணியாகப் படுத்திருப்பீர்களே. மெல்ல, "கேண்டாங்கரஸ்னு போடலாம்" என்றேன்.

"ஊருக்குள்ள கேட்டிருக்கேன். சரியான அர்த்தம் என்னம்மா?" என்றார் சாமி.

"சண்டக்காரருன்னு சாமி."

"கல்லறையிலயா அத எழுதுவ? சும்மா இருளா," என்று அண்ணன் கையை ஓங்காத குறைதான்.

என்ன ஆயிற்றோ, எழுந்துவிட்டேன். "ஏன் சும்மா இருக்கணும்? அப்பா அமைதியானவருன்னு எழுதுனா அவரே எந்திரிச்சு வந்து சண்ட போடுவாரு! அவருக்கு அவரே ஆசையா வச்சுக்கிட்ட பேரு அது. மாமா இந்த வருசமும் அடுத்தவரு அப்பாவக் கட்டிப் பிடிச்சு அழணுமா? சாமி, நீங்களே சொல்லுங்க, ஞாயித்துக்கெழம வாசல்ல யாரு நிக்கான்னு இப்பவும் எட்டிப் பாக்கீங்களா இல்லியா?"

தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் ஓரடி பின்னால் போயிருந்தான்.

சாமி மெதுவாகச் சொன்னார்: "அர்த்தம் இப்பத்தாம்மா தெளிவாப் புரியுது. போட்டுக்கோங்க."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அவுக கொரலு" என்றாள்.

கல் வெட்டியவர் இடத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. கடைசி எழுத்துகள் ஓரத்தில் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். உங்கள் வார்த்தை ஒழுங்காக வரிசையில் நிற்குமா என்ன?

இப்போது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. பக்கத்து நாற்காலிக்காரர் தினமும் தன் வேலையையும் என் மேசையில் வைத்துவிட்டு டீக்குப் போகிறார். நானும் செய்து கொடுக்கிறேன். அப்பா, திங்கட்கிழமை அதைத் திருப்பி அவர் மேசையில் வைப்பேன். குரல் நடுங்கினாலும் வைப்பேன். இது உங்கள் கல் மேல் கை வைத்துச் செய்த சத்தியம்.

இப்படிக்கு,
கேண்டாங்கரஸ் மகள்
ஜெசிந்தா