தேவமலருக்கு வந்த அந்நிய பாஷை

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் மலாக்காவில் சுகமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, என்னோடு வீட்டில் தங்கியிருக்கும் தேவமலர் கிளேபாங்கில் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அவள் ஞானஸ்நானம் பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது.

"அல்லேலூயான்னு வேகமா சொல்லிக்கிட்டே இருங்க சிஸ்டர், நாக்கு தானா திரும்பும்" என்றார் போதகர். அவளுக்குத் திரும்பியது; பரிசுத்த ஆவி தந்த அந்நிய பாஷை என்றார்கள். நாலைந்து அசைகள்தான் மாறி மாறி வந்தன, கவனித்தேன். ஆனால் அழுது எழுந்தபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நான் வாயையே திறக்கவில்லை.

திரும்பும் வழியில், "அர்த்தம் சொல்ல ஆளில்லேன்னா சபையில பேசக்கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரு. எங்கப்பாவும் அதத்தான் சொல்வாரு" என்றேன்.

"கேக்குறவருக்குப் புரிஞ்சா போதும் லா அக்கா" என்று சிரித்தாள்.

வேதத்தில் மத்தேயு முதலா மாற்கு முதலா என்றுகூடத் தெரியாதவள் அவள், அப்பா. நாற்பது வருடம் வேதம் வாசித்த எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நானும் வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். மூச்சுதான் வாங்கியது.

என் பழைய பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். ஞாயிறு போனில் பேசும்போது உடனே வைத்துவிடாமல் எனக்காக ஜெபியுங்கள். தமிழிலேயே ஜெபியுங்கள்.

தொழிற்சாலை பஸ் வந்துவிட்டது.

மகள்,
சுகிர்தா