இளஞ்சிவப்புத் திட்டுகள்

மார்ச் 4
அக்கா வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக முழங்காலைக் காட்டினாள். தோல் நிறத்திலேயே, பட்டாணி அளவில் சில முடிச்சுகள். வலியில்லை, அரிப்பில்லை.
“ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக்குடுத்து, பிரேக் மிதிச்சு மிதிச்சே காய்ச்சுப்போச்சுடி.”
எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுண்ணோக்கியில் நோயைத் தேடியே பிழைப்பவளுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்தான். தோல் டாக்டரிடம் அனுப்பினேன்.

மார்ச் 12
அவர் வெட்டியெடுத்த துணுக்கு எங்கள் லேபுக்கே வந்துவிட்டது. சொந்தக்காரர் ஸ்லைடை நாம் பார்க்கக் கூடாது. தலைமை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துவிட்டேன்.
மேல்தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் வழவழவென்று ஏதோ திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது. ரத்தத்திலிருந்து கசிந்த புரதம். உறுப்புகளில் படிந்து கெடுக்கும் அமிலாய்டா? அதுவானால் தோலோடு நிற்காது. இதயம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

மார்ச் 13
அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 15
“பாத்துட்டேல்ல? மூஞ்சியே சொல்லுது. வா, சேர்ந்தே பாப்போம்” என்றார் தலைமை மருத்துவர். சிவப்புச் சாயம் ஏற்றிய ஸ்லைடு. அமிலாய்டாக இருந்தால் தனி ஒளியில் பச்சையாக மின்னும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
“பச்சை இல்லம்மா.”
கண்ணைத் திறந்து நானும் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது — அப்படியானால் இது என்ன?

மார்ச் 19
ஒளிரும் சாயம் போட்டு இருட்டறையில் பார்த்தோம். திட்டுகள் பளீரென்று எரிந்தன. ஐஜிஎம் என்கிற பெரிய புரதம். அரிதான ரத்தப் புற்று ஒன்று அதை அளவில்லாமல் சுரக்கிறது.
“மெதுவா நகர்ற நோய்தான். ஆனா ரத்தம் பாகு மாதிரி ஆயிடும். அக்காவுக்குக் கண்ணு மங்குதான்னு உடனே கேளு” என்றார் தலைமை மருத்துவர்.
போன் செய்தேன்.
“ஆமாடி, முன்னாடி போற வண்டி நம்பரே தெரியலை. கண்ணாடி மாத்தணும். ஏண்டி கேக்குறே?”
“எங்கக்கா இருக்கே?”
“வண்டியிலதான்.”
“ஓரங்கட்டு. இப்பவே ஓரங்கட்டுக்கா!”

மார்ச் 20
விழித்திரையில் ரத்தக் கசிவு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார்கள். ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை வாங்கி, கெட்ட புரதத்தைப் பிரித்துவிட்டுத் திருப்பித் தருகிறது. அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மறைக்காம சொல்லும்மா, பொழைச்சுக்குவாளா?” என்றார்.
தெரியவில்லையே. எனக்கே தெரியவில்லையே மாமா.

மார்ச் 23
தூங்குகிறாள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 9
புரதம் நன்றாக இறங்கியிருக்கிறது. “வேரோட போகாது, அடங்கிக் கிடக்கும்” என்றார் ரத்த நோய் மருத்துவர். மருந்து ஏறிக்கொண்டிருக்க, அக்கா ஜன்னல் வழியே எதிர் மாடித் துணிக்கொடியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.
“அந்த நீலச் சட்டையில மேல் பொத்தான் பிஞ்சிருக்கு பாரு. தைச்சுப் போட ஆளில்லை போல.”
நீர் கோத்த என் கண்ணுக்குச் சட்டையே மங்கலாகத்தான் தெரிந்தது.