பார்க்காமல் வைத்த கையெழுத்து

நானா,

இன்று காலை உங்கள் மூத்த மகன் எங்கள் கராஜுக்கு வந்து என் மேசையில் ஒரு போம் வைத்துவிட்டுப் போனான். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு தரம் தேத்தண்ணீர் ஊற்றினேன், இரண்டும் ஆறிப்போயின. கேட்டைப் போய்த் திறந்தேன், ஏன் திறந்தேன் என்று தெரியாமல் திரும்ப மூடினேன். வெளியே கொழும்பு றோட்டில் பஸ்கள் எப்போதும்போல் ஹோன் அடித்துக்கொண்டு போகின்றன. எனக்குத்தான் காதுக்குள் இரைச்சல்.

அந்தப் படிவத்தில் இருந்தவை இன்சூரன்ஸ் கம்பனியின் புது விதிகள். பழுதான வண்டியை இழுத்து வருபவர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் அழைத்து அதை ஏற்றினார் என்று எழுத வேண்டும். நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். வண்டியைப் பொறுப்பெடுக்கும் கராஜும் அதையே தன் கொப்பியில் எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். படத்தைத் தவிர மற்றதெல்லாம், லொறியில் வண்டி இழுத்த காலத்தில் நீங்கள் யாரும் கேட்காமலே செய்துவந்தவைதான். கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பார்க்காமல் எந்தத் துண்டுச் சீட்டிலும் முன்கூட்டியே கையெழுத்து வைக்கக் கூடாதாம்.

உங்கள் மகன் ஒரு பழைய பிரேக்டவுன் லொறி வாங்கியிருக்கிறான். கம்பனி லிஸ்டில் சேர விண்ணப்பம் போட்டால் அங்கே மறித்துவிட்டார்களாம். "வாப்பாட பேர்ல பழைய கம்ப்ளைன் ஒண்டு ஈக்கிதாம் ஆன்ட்டி. வண்டியப் பாரமெடுத்த கராஜ்ல இருந்து ஒரு விளக்கக் கடிதம் கேக்குறாங்க. நீங்க எழுதித் தருவீங்கதானே?" என்றான். அவன் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பின்னேரம் வா என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணன் முறைக்கு உங்களை நானா என்று கூப்பிடுவேன், நீங்கள் என்னைத் தங்கச்சி என்பீர்கள். நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் வண்டியை இறக்கியதும் இடப்பக்கமாகச் சுற்றுவீர்கள். நான் கொப்பியோடு வலப்பக்கமாகச் சுற்றுவேன். பின் பம்பருக்குப் பக்கத்தில் சந்தித்து, நீங்கள் கண்ட கீறல்களையும் நான் கண்ட கீறல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்து. மழை பெய்தாலும் சுற்ற வேண்டும். சுத்தமான புது வண்டி என்றாலும் சுற்ற வேண்டும். "என்ன நானா, கோயிலா இது? பிரதட்சணம் வந்தே என் காலு தேயுது" என்று நான் கிண்டல் பண்ணுவேன். நீங்கள் சிரிப்பீர்கள், சுற்றுவதை மட்டும் விடமாட்டீர்கள்.

அந்தப் பெரஹரா ஊர்வல நாட்களில்தான் நான் அதைக் கெடுத்தேன். பகல் தாண்டினால் கண்டி றோட்டெல்லாம் மூடிவிடுவார்கள். நீங்கள் வண்டியை இங்கே இறக்கிவிட்டு, மூடுவதற்குள் திரும்பி நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கோ ஆடி வெள்ளி, கோயிலுக்குப் போக அவசரம். துண்டுப் புத்தகத்தில் பத்துத் தாளில் வரிசையாகக் கையெழுத்து வைத்து நீட்டினேன்.

நீங்கள் வாங்கவில்லை. "பாக்காம கையெழுத்து வெக்கிறது சரிவராது தங்கச்சி. எனக்கும் ஏலா, ஒங்களுக்கும் ஏலா" என்றீர்கள்.

"நம்மளுக்குள்ள என்ன நானா பொலிஸ் வேல? என்னை நம்பலன்னா சொல்லுங்க, கிழிச்சிப் போடுறேன்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். நம்பவில்லையா என்று கேட்டபிறகு நீங்கள் எப்படி மறுப்பீர்கள்? வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் பேராதனையில் கிளச் போன ஒரு வெள்ளை வேனை ஏற்றி வந்தீர்கள். நான் கோயிலில் இருந்தேன், என் வீட்டுக்காரர் சாமான் வாங்கப் போயிருந்தார். ஆளில்லாத முற்றத்தில் வேனை இறக்கி, சாவியையும் துண்டையும் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். சேதம் எதுவும் இல்லை என்று உங்கள் கையால் எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து. நான் கண்ணால் காணாத வண்டிக்கு என் கையெழுத்து.

மறுநாள் பின்னேரம் வேன்காரர் வந்தபோது இடப்பக்கக் கதவு உள்ளே அமுங்கிக் கிடந்தது. மனுசன் போட்ட சத்தத்தில் றோட்டில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் கம்பனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். துண்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றால் சேதம் எங்கள் தலையில் விழும். நான் ஒரு நொடி யோசித்தேன். உண்மையைச் சொல்லுகிறேன் நானா, ஒரே ஒரு நொடிதான்.

"கையெழுத்து என்னோடதுதான் சேர். ஆனா வண்டியப் பாத்து வெச்சதில்ல. முன்னாடியே வெச்சிக் குடுத்தது" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் இந்த ஆள் வெறுந்துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறாரா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வற்புறுத்திக் கொடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அப்படியும் அதைவிடப் பெரிய பொய்யை நான் இன்றுவரை சொன்னதில்லை.

உங்கள் பெயரை லிஸ்டிலிருந்து வெட்டிவிட்டார்கள். அது முடிந்து நாலைந்து நாளில், சோறு தின்றுகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த வேன்ல நம்ம கராஜ் லொறிய இடிச்சது நான்தான். காலையில எடம் பண்ணப் பின்னுக்கு எடுத்தேன். சொல்லப் பயமா இருந்திச்சி."

நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். எல்லாம் செய்தேன். கம்பனிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வதை மட்டும் செய்யவில்லை. போனால் எங்கள் பெயரும் போகும். இந்தக் கராஜை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வருடங்கள் ஓடின.

நீங்கள் லொறியை விற்றுவிட்டு கண்டிக்கும் குண்டசாலைக்கும் இடையில் ஆட்டோ ஓட்டத் தொடங்கினீர்கள். வேறு கம்பனிகளும் இருந்தனவே, ஏன் விற்றீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று பயம். குண்டசாலையில் இருக்கும் என் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் கண்டியில் உங்களிடம்தான் அகப்படுவேன். "ஏறுங்க தங்கச்சி, கராஜ் எப்படி?" என்பீர்கள். அந்தக் கேள்வியில் ஒரு குத்தலும் இருக்காது. மலைப்பாதையில் பெரிய லொறியை ஒற்றைக் கையால் வளைத்தெடுத்த ஆள், ஓர் ஆட்டோவை ஆமை வேகத்தில் ஓட்டினீர்கள். ஒடுக்கமான சந்து வந்தால் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நுழைவீர்கள். பின்னால் வருகிறவர்கள் ஏசுவார்கள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன நோன்புக்கு முன் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கட கராஜப் பத்தித்தான் எந்த நேரமும் பேச்சு" என்றார். நான் வாயைத் திறக்காமல் வந்த வழியே திரும்பினேன்.

இன்று பகல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். சுற்றி வளைத்து எழுதத்தான் கை போகிறது. வீட்டுக்காரர் வந்து தோளுக்கு மேலால் பார்த்தார்.

"எழுதினா நம்ம பேரையும் தூக்கிடுவானுங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த மனுசனே போயிட்டாரு. இப்ப அதைக் கிண்டி என்னத்துக்கு?"

"அவருதான் போயிட்டாரு. அவரு பேரு இன்னும் அவனுங்க கம்ப்யூட்டர்ல கெடக்கு."

 அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "கராஜ் லொறி இடிச்சிச்சின்னு எழுதாத. ஓட்டினது நான்னு என் பேரப் போட்டு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே எழுதினேன். வெறுந்துண்டில் கையெழுத்து வைத்து, வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தது நான் என்றும் எழுதினேன். இருவரும் கையெழுத்து வைத்தோம், இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து.

பின்னேரம் உங்கள் மகன் வந்து நின்றபடியே வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அவன் ஏசட்டும், மேசையைத் தூக்கி எறியட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாப்பா ஒங்களப் பத்தி ஒரு நாளும் பிழையாச் செல்லல்ல ஆன்ட்டி" என்றான். "அவர் தான்தான் அந்த வேன ஒரசிட்டன்னு நம்பினார். அவசரத்துல ஒங்கட கேட் தூணுல பட்டீக்கும், பட்டதுகூட எனக்கு வெளங்கல்ல, இனி என்ட கண்ணும் கையும் சரியில்லன்னு செல்லித்தான் லொறிய வித்தார். உம்மா எவ்வளவோ செல்லியும் கேக்கல்ல. மவுத்தாகிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தார்."

அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வெகுநேரமாகிறது. கம்பனி எங்களை என்ன செய்யும் என்று தெரியவில்லை, செய்வதைச் செய்யட்டும். உங்களிடமிருந்து நான் பறித்தது ஒரு லிஸ்டில் இருந்த பெயரை மட்டும்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நானா, உங்கள் கண்ணும் சரியாக இருந்தது, கையும் சரியாக இருந்தது. அந்த வேன் உங்கள் லொறியை விட்டு இறங்கியபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். உங்கள் முதுகைப் பார்த்தபடி, குண்டசாலை வரைக்கும், எத்தனை தடவை நான் பேசாமல் வந்திருக்கிறேன்.