எழுபத்தைந்து

மார்ச் 3, 2004, புதன்

காபி ஆறுவதற்குள் மரண தண்டனைக் கைதி டெல்ராயின் வக்கீல் கார்வரிடமிருந்து போன். அரசுத் தரப்பு டெல்ராய்க்கு மறுபடி அறிவுச் சோதனை வைத்திருக்கிறது. நான் வைத்த சோதனையில் அறுபத்தாறு எடுத்தவன் அவர்களிடம் எழுபத்தைந்து. எழுபதுக்குக் கீழே இருந்தால்தான் மரண தண்டனையிலிருந்து தப்புவான்.

சோதித்தவன் வெஸ். மனநல மருத்துவமனையில் பதினோரு வருடம் சக உளவியலாளனாக என் பக்கத்து அறையில் உட்கார்ந்தவன். அதே கேள்விகள், அதே வண்ணக் கட்டைகள், மூன்றே வாரத்தில். இரண்டாம் தடவை யாருக்கும் மார்க் ஏறும் என்பது முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். இவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறான். வயிறு எரிகிறது.

மார்ச் 4

வெஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது போட்டிருக்கா மார்லீன்? கேட்டாங்க, செஞ்சேன்" என்றான். சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியான்னு கேட்டிருக்கணும். போனை அடித்து வைத்ததோடு சரி.

மார்ச் 9

சிறைக்குப் போனேன். டெல்ராய் விலங்கோடு ஓடி வராத குறை.

"பாஸ் பண்ணிட்டேன் டாக்டரம்மா! எழுபத்தஞ்சு! அன்னிக்கு உங்ககிட்ட கட்டையெல்லாம் தப்பா அடுக்கினேன்ல? அதையே மனசுக்குள்ள அடுக்கி அடுக்கிப் பாத்தேன்."

நாற்பத்தொரு வயதில் அவன் பாஸ் செய்த முதல் பரீட்சை.

"அம்மாவுக்குப் போன்ல சொன்னேன். அழுதுடுச்சு, சந்தோஷத்துல."

"நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றேன்.

மார்ச் 10

முப்பத்திரண்டு வருடப் படிப்பும் அனுபவமும் அவன் பாஸ் பண்ணியது செல்லாது என்று காட்டத்தானா? ச்சீ.

ஏப்ரல் 6

நீதிமன்றம். டெல்ராய் கூடப்போன கொள்ளையில் ஒரு கடைக்காரர் செத்தார். அவர் மனைவி முன்வரிசையில். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகும் பேசினேன். சில்லறை எண்ணத் தெரியாது, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள், தனியாகப் பஸ் ஏறினால் வேறு ஊரில் போய் இறங்கிவிடுவான் — எல்லாவற்றையும் அவன் எதிரிலேயே சொன்னேன்.

"நான் பஸ்ல போவேன்!" என்று டெல்ராய் எழுந்துவிட்டான். காவலர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

அரசு வக்கீல் இளித்தான். "எழுபத்தஞ்சு எடுத்த மனுஷனப் போயி மூளை வளராதவர்ங்கிறீங்களா, டாக்டர்?"

"ஆமாம்" என்றேன், டெல்ராயைப் பார்க்காமல். இந்த வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்கினார்களே பாவிகள். உள்ளே எரிந்த எரிச்சலில் வெஸ்ஸின் கழுத்து டையைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

மே 14, வெள்ளி

தீர்ப்பு. இரண்டாவது சோதனை செல்லாது. மரண தண்டனை ரத்து, ஆயுள் சிறை. கார்வர் போனிலேயே அழுதார்.

நேரே சிறைக்குக் கார் ஓட்டினேன். வாசல் காவலர் உள்ளே பேசிவிட்டு வந்தார். "உங்களப் பாக்க மாட்டாராம். 'நான் பாஸ் பண்ணினத அந்தம்மா இல்லன்னுடுச்சு'ங்கிறார். இனிமே வர வேணாமாம்."

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கைக் குத்தினேன், கை வலிக்கும்வரை.

திட்டட்டும். இன்னும் முப்பது வருடம் உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டட்டும்.