முட்டைக்கு முக்காடு

என் அன்பானவளுக்கு,

நான் சௌக்கியம். நீயும் குட்டியும் அம்மாவும் நலமா? உன் முதுகுவலி தேவலையா?

இங்கே காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். வெறும் வயிற்றோடு ஓடுகிறேன் என்று திட்டுவாயே, அதற்கு வழி கண்டுபிடித்தேன். கேரட், குடைமிளகாய் நறுக்கி, முட்டையோடு அடித்துக் குழித்தட்டில் ஊற்றி ஓவனில் வைத்தால் நாலு நாள் காலைக்குக் கவலையில்லை.

ஆனால் குழியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இட்லியை ஆவியில் வேகவைக்கிற நினைப்பில், நீ பழைய நீலப் புடவையில் கிழித்துக் கொடுத்த துணியை நனைத்து மேலே விரித்துவிட்டேன். அது ஓவனுக்குள் பழுத்திருந்த சூட்டுக்கம்பியில் பட்டுக் கருகி, அலாரம் அலறி, கட்டிடமே தெருவுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. "முட்டைக்கு எதுக்குய்யா முக்காடு?" என்று கேட்டு, என் அறையிலிருக்கும் டிரைவர் அண்ணன் இன்னும் சிரிக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே.

கருகியதையும் நின்றுகொண்டேதான் தின்றேன். உட்கார்ந்தால் உடனே எழுந்து போகத் தோன்றுகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

டிரைவர் அண்ணனின் தங்கை இப்போது ஊருக்கு வந்திருக்கிறாள்; அவள் இங்கே திரும்பும்போது மிளகுத்தூள் கொடுத்துவிடு. நீ தினமும் கட்டுகிற புடவையில் ஒரு துண்டும் கிழித்து வை. சமையலுக்கு இல்லை.

பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். துணியைத் துவைத்துவிடாதே.

உன்னவன்