முடிவைச் சொல்லும் ஆறு எழுத்து

12.3.1986, புதன்

ஆஸ்பத்திரி லேப் வாசலில் காலையிலேயே நீண்ட வரிசை. தஞ்சோங் காராங் வயல் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு நாலைந்து பேர். ரத்தம் எடுத்தேன், கண்ணாடித் துண்டில் இழுத்தேன், சாயம் போட்டேன், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். கூட வேலை செய்யும் ஹமீட் ஏதோ வேடிக்கை சொன்னான். எல்லாரும் சிரித்த பிறகு நானும் சிரித்தேன்.

என் பையன் சேது போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஆறு வயது. பிறவியிலேயே தலசீமியா. உடம்பு ஹீமோகுளோபினைப் போதுமான அளவு செய்யாது, அவ்வப்போது வெளி ரத்தம் ஏற்ற வேண்டும். மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளியதால் அதை எடுத்தார்கள். அறுவை நன்றாகத்தான் முடிந்தது. சில வாரம் கழித்து ஒரு காய்ச்சல். காலையில் தொடங்கியது, விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்தது. மண்ணீரல் இல்லாத உடம்பில் கிருமி அப்படித்தான் பாயும். எனக்குத் தெரியும். படித்தது.

கருமாதி அன்று அத்தனை பேர் முன்னால் அம்மா என் மனைவி புஷ்பாவைப் பார்த்து, "எல்லாம் உன் வயித்து வாகுடி. என் வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது" என்றாள். நான் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அந்த அண்டாவுக்கு அப்போது என்ன அவசரம்?

மறுநாள் புஷ்பா உலு யாமில் இருக்கும் தன் அண்ணன் தங்கராஜு வீட்டுக்குப் போனாள். ரவாங் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான். பையைக்கூட நான்தான் தூக்கினேன்.

15.3.1986, சனி

மழை. குரங்குகள் மலையிலிருந்து குவார்ட்டர்ஸ் கூரைவரை வந்துவிட்டன. வேறொன்றும் இல்லை.

24.3.1986, திங்கள்

கோலாலம்பூர் போய் வந்தேன். சேதுவைப் பார்த்துவந்த டாக்டர் கிளாரன்ஸ் கூப்பிட்டிருந்தார். என் ரத்தம், புஷ்பாவின் ரத்தம், அம்மாவின் ரத்தம் மூன்றும் வேண்டுமாம். வெளிநாட்டில் தான் படித்த லேப்புக்கு அனுப்பி, ஜீனில் எந்த இடத்தில் கோளாறு என்று பார்க்கப்போகிறாராம்.

"பையனே இல்லையே டாக்டர், இனிமே எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, மிஸ்டர் சாமி. உங்களுக்கு இன்னும் வயசிருக்கு."

அம்மா சர்க்கரை வியாதிக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினாள். நானும் திருத்தவில்லை.

புஷ்பாவைத் தங்கராஜு அழைத்து வந்திருந்தார். அம்மா ஒரு பெஞ்சில், புஷ்பா எதிர்ப் பெஞ்சில். இருவரும் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். தங்கராஜு என் தோளைத் தொட்டு, "மாப்ள, ஒரு வார்த்த பேசுங்களேன் லா" என்றார். நான் போய், உலு யாமில் மழை எப்படி என்று கேட்டேன்.

"பெய்யுது" என்றாள். பிறகு, "சட்டை பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். ஆமாம். கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

2.5.1986, வெள்ளி

யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்லாயிருக்கேன் என்கிறேன். பொய் சொல்வதுபோலக்கூட இல்லை. எங்கேயும் வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருக்கிறது.

18.7.1986, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. லீவு போட்டுவிட்டுப் போனேன். டாக்டர் விளக்கியதை மறப்பதற்கு முன் எழுதிவைக்கிறேன்.

ஒவ்வொரு ஜீனும் ஒரு குறிப்பு மாதிரி. அதை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்க ஒரு என்ஸைம் இருக்கிறது. டி.என்.ஏ.மேல் ஊர்ந்துபோய், எழுத்துக்கு எழுத்து படியெடுத்துக்கொண்டே நூல்போல வெளியே விடும். எங்கே தொடங்க வேண்டும் என்பதைப்போல எங்கே முடிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். இதுவரை நான் யோசித்ததே இல்லை.

"நீங்க தெனம் தட்டுல வளக்கிறீங்களே, ஈ.கோலை" என்றார் டாக்டர். "பாக்டீரியாவுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, வெளிய வர்ற நூலே தன்மேல மடிஞ்சு கொண்டை ஊசி மாதிரி ஆயிடும். அதுக்கடுத்து வரிசையா 'யு' எழுத்தா வரும். அந்த எடத்துல நூலுக்கும் டி.என்.ஏ.வுக்கும் பிடிமானம் ரொம்ப லேசு. என்ஸைம் தயங்கி நிக்கும், நூல் கழண்டுடும். இன்னொரு வழி, 'ரோ'ன்னு ஒரு புரோட்டீன். அது நூலப் பிடிச்சுக்கிட்டே பின்னால தொரத்திட்டு வரும். என்ஸைம் எங்க தாமதிக்குதோ அங்க எட்டிப் பிடிச்சு நூல உருவிடும். அவ்வளவுதான், கதை முடிஞ்சது."

"நமக்கு?"

"நமக்கு அவ்வளவு சுத்தமா இல்ல. ஜீனோட கடைசியில ஆறு எழுத்து இருக்கு. ஏ, ஏ, டி, ஏ, ஏ, ஏ. அது நூல்ல வந்ததும், கொஞ்சம் தள்ளி நூல வேற ஒரு என்ஸைம் வெட்டிடும். வெட்டின முனையில ஏ, ஏ, ஏன்னு நீளமா ஒரு வால் ஒட்டிக்கும். வால் இருந்தாத்தான் நூல் நிலைக்கும், புரோட்டீன் செய்யப் போகும். ஆனா என்ஸைம் அங்க நிக்காது. வெட்டின பிறகும் டி.என்.ஏ. மேல ஓடிட்டேதான் இருக்கும். ரொம்ப தூரம் போவும்."

"எங்க போய் நிக்கும்?"

"எப்படி நிறுத்துதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

எனக்கிருக்கும் இரண்டு ஹீமோகுளோபின் ஜீன்களில் ஒன்றில் அந்த ஆறு எழுத்தில் ஒன்று மாறியிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. வெட்டுகிற இடம் தெரியாமல் பெரும்பாலான நூல் வேண்டாத நீளத்துக்குப் போய் வீணாகிறது. கொஞ்சம் மட்டும் சரியாக வெட்டுப்படுகிறது. புஷ்பாவின் ஜீனில் வேறோர் இடத்தில் கோளாறு, அது ஹீமோகுளோபினுக்கு ஒன்றுமே தருவதில்லை. எங்கள் இருவருக்கும் நல்ல ஜீன் இன்னொன்று இருப்பதால் நாங்கள் நடமாடுகிறோம். சேதுவுக்கு எங்கள் இருவரிடமிருந்தும் கெட்டது வந்துவிட்டது. ஆறு வயதுவரை அவனை இழுத்து வந்தது என் பக்கத்து அந்தக் கொஞ்சம்தான்.

"ஒங்க அம்மாகிட்டயும் அதே எழுத்துதான் மாறியிருக்கு. அவங்ககிட்ட இருந்து ஒங்களுக்கு" என்றார். "யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நாளைக்கு இன்னொரு குழந்தைன்னா, நாலுல ஒரு பங்கு ஆபத்து."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஊர் கிட்டத்தில் இருக்கும் புக்கிட் ரோத்தான் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

20.7.1986, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நம்ம பக்கத்துல இருந்தும் வந்திருக்கும்மா. ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் அந்த நோய் வரும். எனக்கு ஒன்கிட்ட இருந்து வந்திருக்கு."

"என்னது வந்திருக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவடா நான்."

"நீ நல்லாத்தான் இருப்ப. நானும் நல்லாத்தான் இருக்கேன்."

அம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "டாக்டர்தான் சொன்னாரா? நீயா சொல்றியா?"

"டாக்டர் சொன்னாரு."

"அன்னிக்கு எடுத்த ரத்தம் இதுக்கா? எங்கிட்ட ஏன்டா முன்னயே சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? கருமாதி அன்றே சொல்லியிருக்கலாம், இது இரண்டு பக்கமும் சேர்ந்து வருவது என்று. லேப்பில் வேலை செய்கிறவன். அன்றைக்கே எனக்குத் தெரியும். எனக்குத்தான் வாய் வரவில்லை.

23.7.1986, புதன்

வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் சாவி. அம்மா காலையிலேயே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். எங்கே என்று சொல்லவில்லையாம். உலு யாம் போக அம்மாவுக்கு ரவாங்கில் பஸ் மாறத் தெரியுமா?

24.7.1986, வியாழன்

மத்தியானம் தங்கராஜு காரில் மூவரும் வந்து இறங்கினார்கள். அம்மா, தங்கராஜு, புஷ்பா.

புஷ்பாவுக்கு ஏழாம் மாதம்.

நான் வாசலில் நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு அவளேதான் சொன்னாள். "அத்தை நேத்து வந்து வெளியவே நின்னாங்க. உள்ள கூப்பிட்டா வரல. 'என் ரத்தம்தான்டி அது, நான்தான் குடுத்தேன்'னாங்க. 'என் ரத்தமும்தான் அத்தை'ன்னேன். அப்பறந்தான் என் வயித்தப் பாத்தாங்க. அப்படியே படியில ஒக்காந்துட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கோலாலம்பூர்ல சொல்லத்தான் வந்தேன். நீங்க மழையப் பத்திக் கேட்டீங்க."

கலைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாளாம். ஒரு தடவை கிளினிக் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாளாம். ஏன் திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. நாலில் ஒரு பங்கு என்பதை மட்டும் சொன்னேன். "தெரியும்" என்றாள். "டாக்டர் எனக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாரு."

29.7.1986, செவ்வாய்

இன்று லேப்பில் ஈ.கோலை தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். ஹமீட் வந்து வாங்கி வைத்தான். தூங்கவில்லையா என்று கேட்டான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிற பிராணி. அதற்குக்கூட எதையும் முடிக்கத் தெரிகிறது.

2.10.1986, வியாழன்

பெண். சுகப்பிரசவம். அம்மா பெயர் சொன்னாள்: திலகம். புஷ்பா சரி என்றாள். என்னிடம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

பிறந்த குழந்தையின் ரத்தத்தை இங்கே லேப்பில் பார்த்து இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. வயிற்றில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் வேறு வகை. அது குறைந்து பெரியவர்களுடையது வர வேண்டிய காலத்தில்தான் தெரியும். ஆறேழு மாதம்.

14.1.1987, புதன்

பொங்கல். அம்மாவும் புஷ்பாவும் அடுப்படியில் உப்பைப் பற்றிச் சண்டை. ஒரு வருஷம் முன்பு இதே வாரம்தான் சேது. யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்று பேரும் சொல்லாமல் இருந்தது எனக்குக் கேட்டது.

11.5.1987, திங்கள்

திலகம் ஒரு வாரமாகப் பால் குடிக்கச் சிணுங்குகிறாள். உள்ளங்கை வெளிறி இருக்கிறது. புஷ்பா கேட்காமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு வந்துவிட்டாள். ஹமீட் ஊசியை எடுத்தான்.

"வேணாம்" என்றாள் புஷ்பா. "நீங்களே எடுங்க."

"என்னால முடியாது புஷ்பா."

"சேதுவுக்கு எல்லாரும் எடுத்தாங்க. நீங்க ஒரு தடவகூட கிட்ட வரல. இவளுக்கு நீங்க எடுங்க."

குதிகாலில் குத்தினேன். வீறிட்டாள். சாயம் போட்டு, காயவைத்து, கண்ணை வைத்தேன். சின்னச் சின்ன வெளிறிய செல்கள், நடுவில் புள்ளி வைத்த செல்கள், ரத்தத்தில் இருக்கக் கூடாத பிஞ்சுச் செல்கள். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் கண்ணாடித் துண்டு முழுவதும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது புஷ்பா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து ரத்தம் ஏத்தணும்?" என்றாள்.

"டாக்டர் சொல்வாரு. இப்பவே வேண்டியிருக்காது."

குழந்தைக்குச் சட்டையை மாட்டினாள். ஹமீட் வெளியே போய்விட்டான்.

3.6.1987, புதன்

டாக்டர் கிளாரன்ஸ் உறுதிப்படுத்தினார். அதே இரண்டு கோளாறும் சேர்ந்துதான். மண்ணீரலை இந்தத் தடவை முடிந்தவரை தொடமாட்டாராம். தொட வேண்டி வந்தால் முதலில் தடுப்பூசி, பிறகு தினமும் பெனிசிலின். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புஷ்பா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

9.8.1988, செவ்வாய்

திலகத்துக்கு ரத்தம் ஏற்றும் நாள். கோலாலம்பூர் போனோம். அவளுக்கு இப்போது பழகிவிட்டது. ஊசி ஏறும்போது ஒரு கத்து, அதோடு சரி. பிறகு நர்ஸின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு என் கைமேல் கோடு கோடாக இழுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் யாரையோ பார்க்க சன்னாசி அண்ணன் வந்திருந்தார். தோட்டத்தில் அம்மாவோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்தவர். பழைய பாசம். திலகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். என்னை ஓரமாக இழுத்துப்போய், "இதுவும் அப்படியா தம்பி" என்றார். ஆமாம் என்றேன். "மனச விட்டுடாத. பொட்டப் புள்ளதானே. இதுக்குப்போய் மாசா மாசம் அலையாத. இத்தோட முடிச்சுக்க."

"எதண்ணே முடிக்கிறது?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். "எத முடிக்கிறது? சொல்லுங்க. எதன்னு வாயத் தொறந்து சொல்லுங்க." வார்டு முழுக்கத் திரும்பியது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "வெளிய போங்க. எம் பொண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். போய்விட்டார். திலகம் பேனாவை நீட்டியபடி என்னையே பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் புஷ்பா மடியில் தூங்கினாள். கன்னம் சிவந்து இருந்தது. ரத்தம் ஏறிய நாள் அப்படித்தான் இருக்கும்.

"சேது போனப்பகூட நீங்க ஒரு வார்த்த சத்தமாப் பேசல" என்றாள் புஷ்பா. குற்றமாகச் சொல்லவில்லை.

ஈஜோக் தாண்டியதும் என்னால் முடியவில்லை. கைக்குட்டையைத் தேடினேன், இல்லை. முன் இருக்கையில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். புஷ்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, நடைவழிப் பக்கம் மறைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டாள்.